மாமியாரின் மூக்கும் சாமியாரின் பீப்பாயும்

ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு மரப்பீப்பாய் நிற்கிறது. அதில்தான் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். வருகிறவர்களெல்லாம், ‘ஒரு இரும்புத் தொட்டி வாங்கக்கூடாதா?’ என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். மழைக்காலத்தில் மரம் ஊறியதும் அதிலிருந்து புளித்த பழவாசனை லேசாகக் கிளம்பும் என்று சொன்னால், என் மருமகள் குனிந்து முகர்ந்துவிட்டு, “பாசி நாத்தம்தான் அத்தை அடிக்குது” என்கிறாள். அவள் மூக்கு அவ்வளவுதான். என்னுடையதும் அப்படியொன்றும் உசத்தியில்லை. மூக்கு என்றால் அது என் மாமியாருடையது.

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துக் கூலிக்காரர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றுக்கு நான் வாழ வந்த முதல் நாள் சாயங்காலமே அதைப் பார்த்தேன். மாமனார் வேலையிலிருந்து வந்து வாசலில் நின்றார். மாமியார் எதிரே போய், “ஊதுங்க” என்றார். மாமனார் ஊதினார். மாமியார் தலையசைத்த பிறகுதான் அவர் உள்ளே வந்தார். வாலிப வயசில் மாமனார் சம்பளத்தையெல்லாம் சாராயக் கடையில் கொட்டியவராம். பிறகு மாதா கோயிலில் சிலுவையைத் தொட்டு இருவரும் சேர்ந்தே சத்தியம் செய்தார்கள், இனி ஒரு சொட்டுகூடத் தொண்டையில் இறங்காது என்று. ‘குடிக்காதவளுக்கு எதுக்கு சத்தியம்?’ என்று கேட்டவர்களிடம், ‘அவரு மட்டும் தனியா அந்தச் சத்தியத்த எப்படித் தூக்குவாரு?’ என்றாராம் மாமியார்.

இதைப் பார்த்துப் பார்த்து, மற்ற வீட்டுப் பெண்களும் ஷிப்ட் முடிந்து வரும் புருஷன்மாரை எங்கள் வாசலுக்கு இழுத்து வர ஆரம்பித்தார்கள். “அக்கா, இவர கொஞ்சம் மோந்து பாரு.” கிராம்பை மென்று வந்தவனும் மாட்டினான், பச்சை வெங்காயத்தைக் கடித்து வந்தவனும் மாட்டினான். ஆனால் குடிக்காதவன்மேல் மாமியார் ஒருநாளும் பழி சொன்னதில்லை. அதனால்தான் ஆண்களுக்கும் அவர்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட்டவர் சாராயக் கடைக்காரர் ஒருவர்தான். கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிற மனிதர், பாவம், வியாபாரம் படுத்துவிட்டது.

சுரங்கத்துக்கு ரயில் வராத காலம் அது. கல் விழுந்து விரல்கள் நசுங்கிய பிறகு மாமனார் மாட்டுவண்டி ஓட்டினார். பாஸ்கா என்கிற ஈஸ்டர் பண்டிகைக்கு முந்திய வாரம், பங்காருபேட்டை ஸ்டேஷனில் வந்திறங்கிய பீப்பாய் ஒன்றைக் கோயிலுக்கு ஏற்றி வரப் போனார். எங்கள் பங்குச் சாமியார் பிரெஞ்சுக்காரர். அவருடைய ஊரில் அண்ணன் தோட்டத்து மெர்லோ என்கிற திராட்சையில் பிழிந்து புளிக்கவைத்த ரசம்; பூசைக்காக அந்த அண்ணன் அனுப்பியிருந்தார். ‘எங்க ஊர்ல கூலிக்காரங்க குடிக்கிற மலிவுச் சரக்கு’ என்று சாமியாரே சிரித்துக்கொண்டு சொல்வார். மலிவானாலும் கலப்படம் கூடாது. கலந்த ரசத்தில் பூசை செல்லாது.

வழியில் வெயில் சூட்டில் பீப்பாயின் தக்கை பிடுங்கிக்கொண்டது. மாமனார் தன் தலைத்துண்டை அடைத்து, அதன்மேல் கையை வைத்து அழுத்தியபடியே வண்டியை ஓட்டி வந்தார். பீப்பாயைப் பார்க்க நாங்களெல்லாம் கூடி நின்ற கோயில் வாசலில் இறங்கியபோது துண்டு, சட்டை, கை எல்லாம் சிவப்பு. பார்த்ததுமே கடைக்காரர் கூவினார்: “ஆளப் பாருங்க! குடிச்சது போக மிச்சத்துக்குத் தண்ணி ஊத்திக் கொண்டாந்துகீறான்!”

பழைய குடிகாரன் பேச்சு சபை ஏறுமா? சாமியாருக்கோ காய்ச்சல், கொயினா மருந்து தின்று தின்று எதை வாயில் வைத்தாலும் கசப்பு. ரசம் கெட்டது என்றாகிவிட்டால் பாஸ்காவுக்குப் பூசையில்லை. எங்கள் வீட்டுக்கு வண்டி வேலை போகும், அதைவிட அந்தச் சத்தியம் பொய்யென்றாகும். மாமியார் கூட்டத்தை விலக்கிப் போய், “ஊதுங்க” என்றார். அவர் ஊதினார். “இல்ல” என்றார் மாமியார்.

“புருஷன வுட்டுக்குடுப்பியா நீ?” என்றார் கடைக்காரர். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். மாமியார் சொல்லை யாரும் சந்தேகித்து நான் பார்த்தது அன்றுதான். அவர் முகம் கறுத்துவிட்டது. பிறகு நிமிர்ந்து, “சாமி, போன வருஷத்து ரசம் பாட்டில்ல மிச்சம் கீதா? கீதுன்னா, எது எதுன்னு எனக்குத் தெரியாம டம்ளர்ல ஊத்துங்க. ஒண்ணுல தண்ணியும் கலங்க. அவரே ஊத்தட்டும்” என்று கடைக்காரரைக் காட்டினார்.

கடைக்காரர் உள்ளே போய் நாலு டம்ளர்களை நிரப்பி வந்தார். “உன் சத்தியம் என்னம்மா ஆகிறது?” என்று கேட்டார் சாமியார். “முழுங்க மாட்டேன் சாமி, துப்பிடுவேன்.” சாமியார் காய்ச்சலையும் மறந்து சிரித்தார். அவருடைய ஊரிலும் ரசத்தை ருசி பார்த்து விலை சொல்கிறவர்கள் துப்பத்தான் துப்புவார்களாம்.

முதல் டம்ளரை வாயில் கொப்பளித்து மண்ணில் துப்பினார். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதைத் துப்பிவிட்டு மறுபடி முதல் டம்ளருக்குப் போனார். நாலாவதை மூக்கருகே கொண்டுபோனவர், வாயில் வைக்காமலே தள்ளிவிட்டார். “இதுல சாராயம் கீது. ஊத்துன கையிலயும் கீது, வந்து மோந்து பாருங்க.” கடைக்காரர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதைவிடச் சாட்சி வேண்டுமா?

“ரெண்டாவதுல தண்ணி. முதலும் மூணாவதும் ஒரு வயித்துப் புள்ளைங்க. மூணாவது மூத்தது, முதலாவது இளையது” என்றார். பூசைச் சாமான்களைக் கவனிக்கிற கோயில்பிள்ளையும் டம்ளர்களில் ஊற்றியதை உள்ளேயிருந்து பார்த்தவர்தான். மூன்றாவது பாட்டில் ரசம், முதலாவது பீப்பாய் ரசம் என்று அவரே சொன்னார்.

“ரசம் எப்படியம்மா?” என்றார் சாமியார். மாமியார் நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தார். “நாவப்பழம் மாதிரி நாக்கப் புடிக்குது. புளிப்பு தூக்கல். ஒசந்த சரக்குன்னு சொல்ல மாட்டேன் சாமி. ஆனா நாணயமான சரக்கு.” அன்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், ஏதோ நானே பிழிந்த ரசம் போல. பீப்பாயைத் தன் கையாலேயே கோயிலுக்குள் வைக்கும்படி மாமனாரிடம் சொன்னார் சாமியார்.

அன்று சாயங்காலம் மாமனார் எங்கள் வாசலில் வந்து நின்றார். மாமியாரும் வழக்கம்போல எதிரே போனார். “இன்னிக்கு ரசம் பட்ட வாய் உன்னுதுதான். நீ ஊது” என்றார் மாமனார். லைன் முழுக்க வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. மாமியார் வெட்கப்பட்டுக்கொண்டே ஊதினார். மாமனார் கண்ணை மூடி முகர்ந்து, “நாவப்பழம்” என்றார். இருவரும் சிரித்தார்கள். மாமியாரின் கண்ணில் தண்ணீரையும் பார்த்தேன். மறுநாளிலிருந்து மற்ற வீட்டு ஆண்கள் வழக்கம்போல வந்து ஊதினார்கள். என் மாமனார் மட்டும் வாசலில் நிற்காமல் நேரே உள்ளே போனார். சாகும்வரை மாமியார் அவரை ஊதச் சொன்னதேயில்லை.

ரசம் தீர்ந்ததும் பீப்பாயைச் சாமியார் மாமனாருக்கே கொடுத்துவிட்டார். லைன் வீட்டிலிருந்து இங்கே குடிவந்தபோது முதலில் வண்டியில் ஏற்றியது அதைத்தான். மருமகளுக்கு இரும்புத் தொட்டி வேண்டுமென்றால் தாராளமாக வாங்கட்டும், பக்கத்தில் இடமிருக்கிறது. பீப்பாய் நின்ற இடத்திலேயே நிற்கும்.