கேமரா பையின் முடிச்சு

யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. கடையில் அளந்து கொடுத்த லைனிங் துணியை வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை அளப்பேன். பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். என் வீட்டுக்காரர் இதைச் சந்தேக புத்தி என்பார். இருக்கட்டும். அந்தப் புத்தி இல்லையென்றால் இந்தத் தொழிலில் என்னைத் துடைத்துப் போட்டிருப்பார்கள்.

திருத்தணியில் மலைப்படிக்குப் போகிற தெரு ஒன்றில், வீட்டின் முன் அறையிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். என் பிழைப்பே முதுகுப்பக்கத்தில்தான் இருக்கிறது. கழுத்து எவ்வளவு இறக்கம், நாடா எங்கே, மணி எங்கே என்று முதுகு டிசைனைப் பார்த்துத்தான் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். முன்பெல்லாம் தைத்து முடித்ததைப் போனில் படம் எடுத்து வைப்பேன். "அனுப்புங்கக்கா, எங்க அண்ணிக்குக் காட்டிட்டுச் சொல்றேன்" என்பார்கள். அனுப்புவேன். அடுத்த வாரம் அதே முதுகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொரு கடை வாசலில் தொங்கும். வயிறு எரியும்.

அதனால்தான் கேமரா வாங்கினேன். அரக்கோணத்தில் பழைய சாமான்களை ரிப்பேர் செய்து விற்கிற பாய் ஒருவர் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளி நிறக் கேமரா. பொத்தானை அமுக்கினால் முனகிக்கொண்டே லென்ஸ் வெளியே வரும்.

"திருட்டுப் பொருள் இல்லையே பாய்?" என்று கேட்டேன்.

"போனு வந்தப்புறம் இத எவன்கா திருடுவான்? சும்மா குடுத்தாலும் வாணாம்றான்."

"எடுக்கிற படம் வேற எங்கியாவது போவுமா?"

"எப்பிடிப் போவும்? நெட்டும் இல்ல, சிம்மும் இல்ல. எடுத்தது உள்ளயே கெடக்கும்."

அந்த ஒரு வார்த்தைக்காக வாங்கினேன். விலையும் என் கைக்கு எட்டியது. வீட்டுக்கு வந்ததும் பேட்டரி மூடியைத் திறந்து யாருடைய பெயராவது கீறியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

அதன் பிறகு எந்த டிசைனும் யார் போனுக்கும் போகவில்லை. வேண்டுமென்றால் கடைக்கு வந்து அந்தச் சின்னத் திரையில் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு படத்தையும் நான் அழிப்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் மூலையில் ஒரு நம்பர் விழும். அது வரிசையாக ஓடுவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி. கேமராவை அதன் பையில் போட்டு மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருப்பேன். கடையில் என்னைத் தவிர ஒருத்திதான். பின் தெருவிலிருந்து கொக்கி தைக்கவும் ஓரம் மடித்து எம்மிங் அடிக்கவும் வருவாள்.

அந்த ஆடி மாதம் வீட்டில் ஒரே சண்டை. சண்டை அவர் காலைப் பற்றி. என் வீட்டுக்காரர் என் மாமன் மகன். எங்கள் பக்கத்தில் தெலுங்கு கலந்த வழக்கம், அதனால் அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறார். பல வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, செருப்பில்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது என்று டாக்டர் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லியிருந்தார். ஆனால் பெங்களூரில் இருக்கிற எங்கள் மகளுக்குக் குழந்தை தங்கினால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக இவர் வேண்டிக்கொண்டிருந்தார். குழந்தை பிறந்தது. இவர் மாலை போட்டுக்கொண்டார். மாலை போட்டால் செருப்புப் போடக் கூடாது. பஸ் ஸ்டாண்டுத் தார் ரோட்டில் வெறுங்காலோடு போய் வேலைக்குப் பஸ் ஏறினார்.

"கால காட்டு பாவா" என்பேன் தினமும்.

"வெரதத்துல இருக்கறவன தொடாத. நானே பாத்துகினேன். ஒண்ணுமில்ல."

எப்படிப் பார்த்திருப்பார்? தொப்பை இடிக்கும். குனிந்து உள்ளங்காலைப் பார்க்க அவரால் முடியாது. அது எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, ஏனென்றால் என் சந்தேகம் முழுக்க வேறு பக்கம் போய்விட்டது.

ஒரு நாள் புது டிசைன் ஒன்றைப் படம் எடுத்தேன். நம்பர் தாவியிருந்தது. முந்தின படத்துக்கும் இதற்கும் நடுவில் இரண்டு மூன்று படங்கள் இல்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள், எடுத்து அழித்தும் இருக்கிறார்கள். மறு நாளும் தாவியது. முழுசாகச் சார்ஜ் போட்ட பேட்டரியும் சீக்கிரம் இறங்கியது. பொத்தான் இடுக்கில் வெள்ளையாக ஏதோ தூள். துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் தூள் என்று உடனே முடிவு கட்டினேன். சாக்பீஸ் என் கையிலும் இருக்கும், கொக்கி தைக்கிறவள் கையிலும் இருக்கும். நான் இல்லை. அப்படியென்றால் அவள்தான். கேமரா திரையைப் போனால் படம் பிடித்து, நடுவில் கை பட்டுக் கேமராவில் தவறி விழுந்த படங்களை அழித்துவிட்டு, டிசைன்களைப் பஸ் ஸ்டாண்டுக் கடைக்குக் கொடுக்கிறாள் என்று ஒரு கதையே கட்டிவிட்டேன்.

அவளிடம் பேச்சைக் குறைத்தேன். அவள் எழுந்தால் நானும் எழுந்தேன். "இன்னாக்கா, ஒடம்பு செரியில்லியா?" என்று கேட்டாள். நடிப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு பொறி வைத்தேன். கேமராப் பையின் ஜிப்பையும் வாரையும் சேர்த்துப் பழுப்பு நூலால் கட்டினேன். பையும் பழுப்பு நிறம், தெரியாது. பொத்தான் தைத்து முடிக்கும்போது நான் போடுகிற இரட்டைச் சுருக்கு. பிரித்தால் பழையபடி போட அவளால் முடியாது.

மறு நாள் காலையில் பார்த்தேன். நூல் இருந்தது. ஆனால் அறுந்து மறுபடி முடியப்பட்டிருந்தது. முடிச்சு சின்னதாக, எள் அளவுக்கு, தட்டையாக இருந்தது. இழுத்தால் இறுகியது. இரண்டு முனையும் ஒட்டக் கிள்ளப்பட்டிருந்தன.

தையல்காரி இப்படி முடிய மாட்டாள். இது தறியில் இழை அறுந்தால் ஓடுகிற ஓட்டத்தில் போடுகிற முடிச்சு. துணியில் தடவினாலும் தட்டாது. என் வீட்டுக்காரர் கை வேறு முடிச்சே அறியாது. டிராயர் நாடாவிலிருந்து கொசுவலைக் கயிறு வரைக்கும் இதேதான். தடயம் தெரியக் கூடாது என்று நினைத்துத்தான் முடிந்திருக்கிறார். அந்த முடிச்சே அவர் போட்ட கையெழுத்து என்பது அவருக்குத் தெரியவில்லை.

போன் கையில் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு என் கேமரா எதற்கு? யாரை எடுக்கிறார்? எதை அழிக்கிறார்? ஐம்பது தாண்டிய ஆளைப் பற்றி என்னென்னவோ நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் ஒரு பொய் தயாராக வரும்.

அன்று அவருக்கு வேலை இல்லை. "லைனிங் வாங்கப் பஜாருக்குப் போறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். கடை அறையில் அவள் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். ஆணியில் பை இல்லை. "அண்ணன்தான்க்கா எடுத்துகினு போனாரு. தெனமும்தான் எடுக்கறாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள்.

பின் அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அடியில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது. தள்ளிக்கொண்டு போனேன்.

சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கால் முழங்கால் மடங்கி முக்காலி மேல் சாய்ந்திருந்தது. கேமராவைப் பாதத்துக்கு எதிரே எட்டிப் பிடித்து எடுத்திருக்கிறார். என்னைக் கண்டதும் கட்டை விரல் பொத்தானைத் தேடியது. பிடுங்கிக்கொண்டேன். இந்தப் படத்தை அழிக்கவா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று அமுக்கினேன்.

சுண்டுவிரலுக்குக் கீழே குழி. ஓரமெல்லாம் கறுப்பு. குழி நிறைய விபூதி. பொத்தானில் இருந்த சாக்பீஸ் தூள் எது என்று அப்போது புரிந்தது. முக்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வலி இல்ல. அதான் தெனமும் பாத்துகினு இருந்தேன்" என்றார்.

"போன்ல எடுக்கறதுக்கு இன்னா?"

"போன்ல எடுத்தா பாப்பாவுக்குப் போயிடும். அதோட அக்கவுண்ட்தான இந்த போன்ல போட்டுக் குடுத்திருக்குது. அன்னிக்குத் தெரியாம செவுத்த எடுத்துட்டேன், ஒடனே பெங்களூர்லருந்து கூப்டு, இன்னா நைனா ஒட்டடைய படம் புடிச்சுகினு இருக்கேன்னு கேக்குது. இதுல எடுத்தா எங்கியும் போவாதுன்னு நீதான சொன்ன?" பிறகு மெல்லச் சொன்னார்: "கொறஞ்சுகினுதான் வருது. கிருத்திகை முடியட்டும், டாக்டராண்ட போலாம்."

"நேத்து எடுத்தத அழிச்சுட்ட. முந்தா நாள் எடுத்ததையும் அழிச்சுட்ட. எத வச்சுகினு கொறையுதுன்ற?"

கழுத்து மாலையைத் தொட்டுக்கொண்டு, "நடுவுல கழட்டக் கூடாது" என்றார்.

"மாலை கழுத்துல இருக்கட்டும். கால் ஆஸ்பத்திரிக்கு வரட்டும்."

ஆட்டோ பிடிக்க அவள்தான் ஓடினாள். அரக்கோணம் ஆஸ்பத்திரியில் அன்றே படுக்க வைத்தார்கள். மறு நாள் சுண்டுவிரலை எடுத்தார்கள். விரலோடு நின்றது, பாதம் தப்பியது.

அந்த வருஷக் காவடியை அவருக்குப் பதிலாக நான் தூக்கினேன், வெறுங்காலோடு. படிக் கல் சுட்டது. சுடுகிறது என்று எனக்குத் தெரிகிறதே, அந்தப் பாவி மனுஷனுக்கு இதுகூடத் தெரிந்திருக்காதே என்று மலை ஏறி முடிக்கும்வரை அழுதேன்.

கொக்கி தைக்கிறவள் ஒரு நாள் நேராகவே கேட்டாள்: "என்னத்தான சந்தேகப்பட்டீங்க?"

"ஆங்" என்றேன். ஒரு வாரம் அவள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. பிறகு சரியாகிவிட்டாள்.

இப்போது தினமும் காலையில் அவர் பாதத்தை நான் படம் எடுக்கிறேன், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில். முந்தின நாள் படத்தோடு ஒட்டிப் பார்ப்பேன். எதையும் அழிப்பதில்லை. டிசைன் பார்க்கிற பெண்கள் பொத்தானைத் தட்டிக்கொண்டே போவார்கள். மணி வைத்த முதுகு, நாடா வைத்த முதுகு, அடுத்தது நாலு விரல் கால். "இது யார் காலுக்கா?" என்பார்கள். "எங்க வூட்டுக்காரர் கால். அடுத்தத பாரு" என்பேன்.

நான் பிடுங்கிய அந்த ஒரு படத்தில் மட்டும் அந்தக் காலுக்கு ஐந்து விரல். மற்றதையெல்லாம் அவரே அழித்துவிட்டார். "அத மட்டும் எடுத்துடேன், பாக்க என்னமோ மாதிரி இருக்குது" என்கிறார். மாட்டேன் என்றுவிட்டேன்.

கேமராப் பையை இன்னும் நூலால் கட்டித்தான் வைக்கிறேன். காலையில் எழுந்ததும் முதலில் முடிச்சைத் தடவிப் பார்ப்பேன்.

"இன்னுமா என் மேல நம்பிக்கை வரல?" என்று நேற்றுகூடக் கேட்டார்.

"வரல" என்றேன்.

நான் ஜிப்பைத் திறப்பதற்குள் அவரே முக்காலியை இழுத்துப் போட்டு, காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.