துண்டுக்கடியில் பாஸ்வேர்டு

எங்கள் கல்லூரியில் முதல்வரைப் பார்க்கக் கதவைத் தட்டினால் போதும். கம்ப்யூட்டர் லேப் கந்தசாமியைப் பார்க்கச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். 'அண்ணே' என்றால் அவருக்குக் காது கேட்காது. 'சார்' என்றால் கேட்கும்.

சொந்த ஊர் திருநாவலூர் பக்கம். உளுந்தூர்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தவர். தாளாளரின் மச்சானுக்கு ஏதோ ஒரு வழியில் உறவு, அதனால் லேப் சாவி கைக்கு வந்தது. கம்ப்யூட்டர் மாட்ட வந்த ஆள், சாவி வைத்திருப்பவர்தானே பொறுப்பு என்று நினைத்து, அட்மின் பாஸ்வேர்டையும் இவர் காதில் ஓதிவிட்டுப் போய்விட்டான். கந்தசாமி படித்த கம்ப்யூட்டர் படிப்பு அவ்வளவுதான். உடனே கதவில் போர்டு: 'சிஸ்டம் நிர்வாகி'. எங்கள் பக்கம் நிர்வாகி என்றால் கட்சிக்காரன். இவரும் அப்படியே வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக வருவார். பாஸ்வேர்டு அடிக்கும்போது அந்தத் துண்டைக் கீபோர்டு மேல் போர்த்தி, உள்ளே கையை விட்டு ஒற்றை விரலால் குத்துவார். மாட்டுச் சந்தையில் தரகன் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிற மாதிரி இருக்கும்.

என்னோடு புவியியல் படித்த மணிமொழி கல்வராயன் மலைக்காரி. மலையில் பெய்கிற மழையில் எவ்வளவு கோமுகி ஆற்றுக்கு வந்து சேரும் என்று கணக்குப் போடுகிற சாஃப்ட்வேர் ஒன்றைப் பென்டிரைவில் வைத்திருந்தாள். அதை வெளியூர் எக்ஸாமினர் முன்னால் லேப் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதுதான் அவள் ப்ராஜெக்ட். ஓட்டாவிட்டால் டிகிரி நிற்கும். மேல்படிப்புக்குக் கிடைத்திருந்த இடமும் போகும். அவளிடமும் லேப்டாப் இல்லை, என்னிடமும் இல்லை. லேப்பில் ஏற்றப் போனால் ஒவ்வொரு தடவையும் அட்மின் பாஸ்வேர்டு கேட்டது.

"பாஸ்வேர்டு மட்டும் போட்டுக் குடுங்க சார்" என்று கெஞ்சினாள்.

"இன்னா பாப்பா, கண்டதையும் ஏத்துனா வைரஸ் வராது? மழ எவ்ளோ பேயுதுன்னு தெரியணும்னா வெளிய போயி நில்லு." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

"இதுவரைக்கும் யாருக்காச்சும் ஒண்ணு ஏத்திக் குடுத்துருக்கீங்களா சார்?" என்றேன் நான்.

"கரும்பு வெட்றவன் புள்ள என்னையே கேள்வி கேக்குறியா?"

"ஆமா சார். கரும்பு வெட்றவரு புள்ளதான். கேக்குறேன்."

எங்கள் வூட்டில் முதல் பட்டதாரி நான். ஜெராக்ஸ் கடைத் துண்டுக்குக் கூனிக் குனிய நான் படிக்க வரவில்லை.

எக்ஸாமினர் வருகிற அன்று காலையில் துறைத் தலைவர் சத்தம் போட்ட பிறகுதான் ஐயா எழுந்து வந்தார். துண்டைப் போர்த்தினார். குத்தினார். தப்பு என்றது கம்ப்யூட்டர். "கீபோர்டு சரியில்ல" என்று பக்கத்து மேசைக்குப் போனார். அங்கேயும் தப்பு. அவர் நெற்றி வேர்த்துவிட்டது. "சர்வர் டவுன். நாளைக்கு வா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. பாஸ்வேர்டு அவருக்கு எப்போதோ மறந்துவிட்டது. இத்தனை காலம் ஊரையே மிரட்டியது வெறும் துண்டு.

மணிமொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். யாருக்கு ஏற்ற வேண்டும், எல்லோருக்குமா, எனக்கு மட்டுமா என்று கம்ப்யூட்டர் இங்கிலீஷில் கேட்டது. அவள் சட்டென்று 'எல்லோருக்கும்' என்பதை அமுக்கினாள். பாஸ்வேர்டு பெட்டி வந்து நின்றது.

"அத்த ஏன் அமுக்குன?"

"பின்ன? காலேஜ் கம்ப்யூட்டர்டா. எனக்கு மட்டும்னு போட்டா, ஒண்டியா ஒளிச்சி வெச்சித் துன்ற மாதிரி இல்ல? எங்க ஊர்ல தேன் எடுத்தாகூட எல்லா வூட்டுக்கும் பங்கு."

சிரிப்பு வந்தாலும் நானும் அதைத்தான் அமுக்கியிருப்பேன். எல்லோருக்கும் என்றால்தான் நிர்வாகியின் தயவு வேண்டும். தனக்கு மட்டும் என்றால் எவன் தயவும் வேண்டாமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இன்னிக்கி ஒரு நாளு ஒண்டியா துன்னுடி" என்றேன்.

அமுக்கினாள். எனக்கு மட்டும் என்றதும் பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. பச்சைக் கோடு நகர்ந்து முடிந்தது. மதியம் எக்ஸாமினர் முன்னால் கோமுகியின் வெள்ளம் திரையில் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கியது.

"லேப்ல எதுவும் ஏத்த முடியாதுன்னாங்களே?" என்றார் எக்ஸாமினர்.

பின்னாலிருந்து கந்தசாமியின் குரல் வந்தது. "நான்தான் சார் பர்மிஷன் குடுத்தேன்."

மணிமொழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இல்ல சார். எனக்கு மட்டும்னு போட்டு நானே ஏத்திக்கினேன். இவுரு பர்மிஷன் தேவப்படல."

எக்ஸாமினர் சிரித்துக்கொண்டே மார்க் போட்டார். அவள் தேறினாள்.

கந்தசாமி சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவர் கந்தசாமி இல்லையே! மறுநாளே லேப் கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டினார்: 'சாஃப்ட்வேர் ஏற்றும்போது எனக்கு மட்டும் என்பதை அமுக்கினால் பாஸ்வேர்டு கேட்காது. எனவே யாரும் அதை அமுக்கக் கூடாது. இப்படிக்கு, நிர்வாகி.'

அதுவரை அந்த வழி மாணவர்களில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.