பட்டாபி சார் கிடார் கற்பித்த விதம்

பட்டாபிராமன் அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். விதி என்ன சொல்கிறது என்று பார்க்காமல் அவர் எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போட்டதில்லை. விதி தெளிவாக இருந்தால் அதற்கு விலக்கு உண்டா என்று தேடுவார். விலக்கும் கிடைக்காவிட்டால் விளக்கம் கேட்டு மேலே எழுதுவார். அவருடைய பிரிவுபசார விழாவில் சக ஊழியர்களின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை அவர் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

கேரளத்தில் ஐம்பத்தாறு வயதில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். உடம்பில் தெம்பு இருக்கிறது, மண்டையில் விதிகள் இருக்கின்றன, பிரயோகிக்கத்தான் ஆள் இல்லை. திருவனந்தபுரத்தில் வலியசாலை வீட்டில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆள் மனைவி வாலாம்பாள். அவளுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் இன்னும் சில வருஷம் சர்வீஸ் பாக்கி இருந்தது. காலையில் அவள் கிளம்புவதற்குள் சாம்பாரில் பெருங்காயம் எப்போது போடவேண்டும் என்பது பற்றி அவர் இரண்டு ஆட்சேபம் எழுப்பிவிடுவார்.

"ஏன்னா, மாளவிகாவோட கிடார் அலமாரி மேல சும்மா கெடக்கு. அதை எடுத்துண்டு எங்கயாவது க்ளாசுக்குப் போங்கோளேன்," என்றாள் ஒரு நாள். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன கிடார் அது. "இல்லேன்னா ஆருக்காவது குடுத்துடலாம்."

கொடுப்பது என்ற சொல்லைக் கேட்டால் பட்டாபிக்கு உட்காரமுடியாது. அன்று சாயங்காலமே கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பழவங்காடிக்குப் போனார்.

அங்கே வேலப்பன் என்ற நாஞ்சில் நாட்டுக்காரர் பாத்திரக்கடை வைத்திருந்தார். மாடி காலியாகக் கிடந்ததால் அதை ஒரு மியூசிக் சென்டர் ஆக்கியிருந்தார். வீணைக்கும் கிடாருக்கும் கம்பி உண்டு என்ற அளவில் அவருக்குச் சங்கீதம் தெரியும். சொல்லிக்கொடுக்க வினீத் என்று ஒரு பையனை வைத்திருந்தார். கல்யாண ரிசப்ஷன்களில் வாசிப்பவன். வந்தவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு பாட்டோடு வீட்டுக்குப் போகவேண்டும் என்பதைத் தவிர அவனுக்குப் பெரிய கொள்கை எதுவும் இல்லை.

"இது ஜி கார்டு. வெரல் இங்க, இங்க, இங்க. இனி அடிங்க," என்றான் வினீத்.

எல்லாரும் அடித்தார்கள். கீழே பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைகிற சத்தத்தையும் மீறி அறை கிணுகிணுத்தது. பட்டாபி மட்டும் கையைத் தூக்கினார்.

"அதுக்கு ஏன் ஜின்னு பேரு?"

"ஜி-ன்னாக்க ஜி, சார்."

"ஏ-ல ஆரம்பிக்காம எல்லாரும் சி-ல ஆரம்பிக்கறாளே, அது எந்த ஆதாரத்துல?"

வினீத் சிரித்தான். "அதொண்ணும் இப்ப நோக்கண்டா, சார். கை பழகட்டும். செவி தன்னால சொல்லித்தரும்."

செவி சொல்லித்தரும் என்பதை எந்தக் கோப்பிலும் ஆதாரமாகக் காட்டமுடியாது. பட்டாபி வீட்டுக்கு வந்து, செல்போனில் வெள்ளைக்காரர்கள் சொல்லும் பாடங்களைக் கேட்க உட்கார்ந்தார். ஒரே வாரத்தில் அவருக்கு அந்த ரகசியம் பிடிபட்டது. கிடாரில் இரண்டு கட்டம் தள்ளினால் முழு ஸ்வரம், ஒரு கட்டம் தள்ளினால் அரை ஸ்வரம். முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை என்று ஏறினால், எங்கேயிருந்து கிளம்பினாலும் மேஜர் ஸ்கேல் வந்து நிற்கும். ஆளுக்கு ஆள் மாறாது. சிபாரிசு செல்லாது. விலக்கு கிடையாது. பட்டாபிக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு இலாகாவில் அல்லவா தான் வேலை பார்த்திருக்கவேண்டும் என்று தோன்றியது.

சி மேஜரும் நம்முடைய சங்கராபரணமும் ஒரே ஏழு ஸ்வரம்தான் என்று தெரிந்தபிறகு அந்தத் தெருவில் யாருக்கும் நிம்மதி இல்லாமல் போயிற்று. பால்காரருக்குச் சொன்னார். கோவில் குருக்களுக்குச் சொன்னார். பெங்களூருக்குப் போன் போட்டு மகளுக்குச் சொன்னார்.

"அப்பா, நான் மீட்டிங்ல இருக்கேன்," என்றாள் மாளவிகா.

"நன்னாப் போச்சு. அவாகிட்டயும் சொல்லு."

அதன்பிறகு வினீத்தின் வகுப்புக்கு அவர் கற்க வரவில்லை, தணிக்கைக்கு வந்தார். வினீத் ஒரு பாட்டை வாசித்துக் காட்டினால் கை எழும்பும். "இது ஜி மேஜர். இதுல எஃப் வந்தா ஒரு கட்டம் ஏத்தி ஷார்ப்பாத்தான் வரணும். நீ சும்மா எஃப் வாசிச்சாய்."

"கேக்க நல்ல ரசமா இல்லையா, சார்?"

"ரசம் வேற, ரூல் வேற."

வகுப்பில் மற்றவர்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், கிடாரை மடியில் வைத்தபடி காத்திருந்தார்கள். ரெம்யா என்ற நர்ஸ் டியூட்டி முடிந்து நேரே வருபவள். அவள் இந்த விவாதங்களின்போது சுவரில் சாய்ந்து தூங்கப் பழகியிருந்தாள். ஒரு நாள் வினீத் தன் கிடாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினான். கீழே இறங்கி வேலப்பனிடம், "அண்ணாச்சி, ஒண்ணு நான், இல்லேங்கி அந்த சார்," என்றான். வேலப்பன் யோசிக்க ஆரம்பித்தபோதே அவன் பஸ் ஏறிவிட்டான்.

வேலப்பன் மாடிக்கு வந்தார். பட்டாபி வெள்ளைப் பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சார்வாள், பய போய்ட்டான். புள்ளையளக் கொண்டுவந்து விட்டவிய கீழ நிக்காவ. நீங்களே எதையாச்சும் சொல்லிக் குடுங்க. எப்பமும் அவனுக்கே நீங்கதான சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தீய?"

தனக்கு ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாதே என்று பட்டாபிக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. பிறகு யோசித்துப் பார்த்தார். நீர்ப்பாசனப் பிரிவில் பல வருஷம் இருந்திருக்கிறார். ஒரு வாய்க்காலும் வெட்டியதில்லை. அதனால் எந்த வேலையும் நின்றுவிடவில்லை. "செரி, ஆகட்டும்," என்றார்.

திருவனந்தபுரத்துக்காரர்களின் மனம் அவருக்குத் தெரியும். இந்த ஊரில் எதையும் பரீட்சையாக்கிக் கொடுத்துவிட்டால் ஜனங்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். சர்க்கார் வேலைக்குத் தயார் செய்யும் கோச்சிங் சென்டர் இல்லாத சந்து இங்கே இல்லை. பட்டாபி அதே பாணியில் கிடாரைக் கையிலெடுத்தார், அதாவது கிடாரைக் கீழே வைத்தார். ஷார்ப் குறிகள் எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி என்ற வரிசையில் வரும். அதை ஞாபகம் வைக்க ஊரின் இடங்களைக் கொண்டே ஒரு பாதை போட்டுக் கொடுத்தார். ஃபோர்ட், சாலை, ஜெனரல் ஆஸ்பத்திரி, தேவஸ்வம் போர்டு, ஆற்றுகால், ஈஞ்சக்கல், பீமாபள்ளி. சாலை பஜாருக்கு இங்கிலீஷில் முதலெழுத்து சி என்பது உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வகுப்பு முழுவதும் அதை உரக்கச் சொல்லிற்று.

ரெம்யா விழித்துக்கொண்டாள். "சார், இந்த ரூட்ல ஒரு பஸ்ஸும் போகாதே. நான் தெனமும் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போறவளாக்கும்."

"நீ ஒண்ணும் ஏறவேண்டா. எழுதினாப் போரும்."

"பின்ன, எப்பதான் சார் வாசிக்கறது?"

"அஸ்திவாரம் ஆகட்டும்."

அடுத்த வாரம் ரெம்யா வரவில்லை. கரமனையில் வினீத் தன் வீட்டுக் கார் ஷெட்டில் சொல்லிக்கொடுக்கிறானாம், அங்கே போய்விட்டாள் என்று தெரிந்தது. அஸ்திவாரம் இல்லாதவர்கள் அப்படித்தான் என்று பட்டாபி வகுப்புக்கு எடுத்துச் சொன்னார்.

ஆனால் அம்மாக்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மற்ற வாத்தியார்களிடம் போகும் பிள்ளைகள் வீட்டில் சத்தம் போடுகிறார்கள். பட்டாபி சாரிடம் போகும் பிள்ளைகள் வீட்டில் கிடாரைத் தொடுவதே இல்லை. அடக்கமாக உட்கார்ந்து படிக்கிறார்கள். கடல் கடந்த ஏதோ ஒரு போர்டு கம்ப்யூட்டரிலேயே நடத்தும் தியரிப் பரீட்சையில் அத்தனை பேரும் தேறினார்கள். வேலப்பன் ஜங்ஷனில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார். சுற்றிலும் பிள்ளைகளின் முகம், நடுவில் பட்டாபி கிடாரோடு. கிடாரை அவர் இடம் வலம் மாற்றிப் பிடித்திருந்தார். அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. சேர்க்கைக்கு வந்தவர்களின் வரிசை பாத்திரக்கடை வாசலைத் தாண்டி நின்றது.

வருஷ முடிவில் ஆண்டு விழா நடந்தது. வேலப்பன் வழக்கம்போல யாரையும் கேட்காமல் அழைப்பிதழ் அடித்துவிட்டார். முதல் நிகழ்ச்சி: ஈஸ்வரப் பிரார்த்தனை, மாணவர்கள் கிடாரில். அழைப்பிதழ் பட்டாபியின் கைக்கு வந்தபோது வார்டு கவுன்சிலர் மேடையில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது பிள்ளைகள் கிடாரோடு வரிசையாக நின்றார்கள். அந்தக் கிடார்களில் பாதி, பையைவிட்டு வெளியே வருவது அன்றுதான் முதல் தடவை. முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை பட்டாபியைப் பார்த்து, "சார், என்ன செய்யணும்?" என்று உதட்டசைவில் கேட்டது.

 பட்டாபி மேடைக்குப் பின்னால் வேறு வாசல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. ஆனால் அரசு விழாக்கள் எத்தனையோ நடத்திய அனுபவம் அவரைக் கைவிடவில்லை. மைக்கை வாங்கினார்.

"சபையில் எல்லா மதத்தைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். யார் மனமும் நோகக்கூடாது. ஆகவே மௌனப் பிரார்த்தனை. அனைவரும் எழுந்து நிற்கவும்."

சபை எழுந்தது. நாற்பது பிள்ளைகள் கிடாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலை குனிந்தார்கள். ஒரு கம்பிகூட அசையவில்லை. அதன்பிறகு பட்டாபி கேள்வி பதில் நிகழ்ச்சிக்குத் தாவிவிட்டார். "மூணு ஷார்ப் உள்ள மேஜர்?" என்று கேட்டார். "ஏ மேஜர்" என்று கூரை அதிர்ந்தது. "டி மேஜருக்கு எத்தனை?" "ரெண்டு." அம்மாக்கள் செல்போனில் படம் பிடித்தபடியே கைதட்டினார்கள். கவுன்சிலர் தன் பேச்சில், சங்கீதத்துக்கும் மத நல்லிணக்கத்துக்கும் இவ்வளவு அழகான பொருத்தத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து வேலப்பனும் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம் சார்வாள்," என்றார் வேலப்பன் கீழே இறங்கும்போது. "ஒரு சத்தம் வரலியே."

விழாவுக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாலாம்பாள் அடுக்களையில் சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே ஏதோ முனகினாள். பாட்டு என்று சொல்லமுடியாது. வார்த்தை இல்லை, ஏறி இறங்கி ஒரு இடத்தில் கொஞ்சம் தயங்கி நிற்கும் மெட்டு. கூடத்தில் இருந்த பட்டாபி காதைத் தீட்டினார்.

"வாலா, அது என்ன ஸ்கேல்?"

"ஸ்கேலா? எங்காத்துல அம்மா தூளி ஆட்டறச்சே பாடுவா. கேட்டேளா, நன்னாருந்தா அதை வாசியுங்கோளேன். ஒரு நாளாவது கேக்கறேன்."

பட்டாபி கிடாரை எடுத்தார். முதல் ஸ்வரம் கிடைத்தது. இரண்டாவதும் கிடைத்தது. மூன்றாவது கிடைக்கவில்லை. மேலே போய்ப் பார்த்தார், கீழே வந்து பார்த்தார். மேஜர் ஸ்கேலின் ஏழு படியிலும் அது இல்லை. மைனரிலும் தேடினார். விரல் நுனி எரிந்தது. வாலாம்பாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து, நிலைப்படியில் நின்று, அந்த இடத்தை அவருக்காக இன்னொரு தடவை மெதுவாகப் பாடினாள். அவர் தடவிக்கொண்டே இருந்தார். அவளுடைய குரல் எங்கே நிற்கிறது என்று அவருக்குக் கேட்டது. பெயர்தான் தெரியவில்லை. பெயர் தெரியாத ஒன்றை நோக்கி விரலை நகர்த்த அவருக்கு எந்த வழியும் தெரிந்திருக்கவில்லை. 

"போட்டும், விடுங்கோ," என்றாள் அவள். மறுபடியும் கிழங்கு நறுக்கப் போனாள். முனகல் தொடர்ந்தது.

பட்டாபி கிடாரைச் சுவரில் சாய்த்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். காப்பி வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வாலாம்பாளுக்குச் சுருதி சேரவில்லை. பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் அம்மாவுக்கே சேர்ந்திருக்காது. அதன்பிறகு மனசு லேசாயிற்று.

சாயங்காலம் குடியிருப்போர் சங்கத்தின் ஓணப் பாட்டுப்போட்டிக்கு அவர்தான் நடுவர். சலவை ஜிப்பா போட்டுக்கொண்டு போனார். நன்றாகப் பாடியவர்கள் சிலர் வந்துபோனார்கள். ஒரு பையன் மட்டும் மேடையேறியதும், "நான் பாடப்போவது ஈ மைனர்," என்று அறிவித்துவிட்டுத் தொடங்கினான். முதல் பரிசை பட்டாபி அவனுக்குக் கொடுத்தார். அவன் என்ன பாடினான் என்பதை அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.