ஆலங்குடாவில் நெடுவாள்: ‘கட்டு’ என்று சொல்லி வாங்கிய அடி

போன ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, புத்தளத்தில் இருந்து ஆலங்குடாவுக்கு வாள் பிடிக்கப் போனேன். ‘வாள் பார்க்க’ என்று நீங்களாகத் திருத்தி வாசிக்க வேண்டாம். பிடிக்கத்தான்.

ஐரோப்பாவில் ஐந்நூறு, அறுநூறு வருடங்களுக்கு முன்னர் இரண்டு கையாலும் பிடித்துச் சண்டை செய்த ஒரு வாள் உண்டு. அதற்கு நெடுவாள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். அந்தக் காலத்து ஆசிரியர்கள் எழுதி வைத்த பாடங்களைப் பார்த்து இன்றைக்கும் பலர் அதைப் பழகுகிறார்கள். அந்தப் பழைய பக்கங்களின் படங்கள் இணையத்தில் கிடக்கின்றன. பத்தாம் தரத்துக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் ரகசியமாகப் பார்த்தது அவற்றைத்தான். எனக்கு விளங்காத விஷயம் ஒன்றே ஒன்று. பாதிப் படங்களில் யாரும் யாரையும் வெட்டவில்லை. இரண்டு பேர் வாள்களைக் குறுக்கே ஒட்டி வைத்துக்கொண்டு, ஏதோ கதைக்கப் போகிறவர்கள் மாதிரி நிற்கிறார்கள். ஏன் நிற்கிறார்கள்?

இந்தக் கேள்வியோடு இருந்தபோது என் சாச்சி ஒரு படம் அனுப்பினார். சாச்சி உம்மாவின் தங்கை, தையல்காரி. ஆலங்குடாவில் ஒரு ஹோட்டலுக்குத் திரைச்சீலை கொடுக்கப் போன இடத்தில் அறிவிப்புப் பலகையைக் கண்டிருக்கிறார். இங்கிலிசில் எழுதியிருந்தது: நெடுவாள், பைண்டிங், வைண்டிங், சனி காலை 7.30, இலவசம், பெண்களும் வரலாம்.

உம்மா உடனே மறுக்கவில்லை. இரவுச் சாப்பாடு முடியும் வரைக்கும் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஒரு நாள் போயிட்டு வா. வந்து என்ன படிச்ச எண்டு எனக்குக் காட்டணும். கைய கால உடைக்கிற விளையாட்டா இருந்தா அதோட முடிஞ்சிது.” ஆகவே நான் போனது வகுப்புக்கு மட்டும் அல்ல, ஒரு பரீட்சைக்கும். செப்டெம்பர் முடியும் வரைக்கும் சனிக்கிழமைகள் எனக்குக் கிடைக்குமா இல்லையா என்பது அந்த ஒரு நாளில் இருந்தது.

புத்தளம் பஸ் நிலையத்தில் இருந்து கற்பிட்டி பஸ் காலை 5.50க்கு வெளிக்கிட்டது. துணைக்குச் சாச்சியும் வந்தார், ஒருவருக்கு 140 ரூபாய். பாலாவிச் சந்தியில் வலப்பக்கம் திரும்பிய பிறகு கடல்நீர்க் களப்பு சில இடங்களில் தெரியும், சில இடங்களில் தெரியாது. வலப்பக்க யன்னல் கதிரையைப் பிடியுங்கள். நுரைச்சோலையைத் தாண்டும்போது வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். 6.55க்கு ஆலங்குடாவுக்குத் திரும்பும் இடத்தில் இறங்கினோம். என் ஃபோன் காட்டிய தூரம் 33 கிலோமீட்டர். அங்கிருந்து கடற்கரைக்கு நான்கு கிலோமீட்டர் அளவில் இருக்கும், ஓட்டோவுக்கு 400 ரூபாய்.

இங்கேதான் முதலாவது தவறு. ஓட்டோக்கார நானாவிடம் (அண்ணனை நாங்கள் நானா என்போம்) அறிவிப்பின் படத்தைக் காட்டினேன்.

“விண்டிங்,” என்று வாசித்தார். “ஓ, காத்து. கைட் விடுற வகுப்பு. தெரியும், ஏறுங்க.”

“இல்ல நானா, அது வைண்டிங். சுத்துறது.”

“எழுத்து ஒண்டுதானே, புள்ள?”

“எழுத்து ஒண்டுதான். சத்தம் வேற, கருத்தும் வேற.”

“ஒரு எழுத்துல ரெண்டு சாமான் விக்கிறான் வெள்ளக்காரன்,” என்றார் அவர் சாச்சியைப் பார்த்து. “வாளும் சுத்தும், காத்தும் சுத்தும். நான் கொண்டு போய் விடுறன்.”

கொண்டு போய் விட்டது, பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கப் பழக்குகிற கைட் பள்ளிக்கூடத்தில். ஆலங்குடாவில் அந்த ஏழு இங்கிலிஸ் எழுத்தை ஒரே மாதிரித்தான் வாசிப்பார்கள், அவரில் பிழை இல்லை. அங்கே ஒருவர் எனக்கு உயிர்காப்பு அங்கி அளவு பார்க்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் தெளிந்தது. திரும்பி ஹோட்டலுக்கு வர இன்னும் பதினைந்து நிமிடம். நானா அதற்குக் காசு கேட்கவில்லை. “என்ட காத்து, என்ட செலவு,” என்றார்.

வகுப்பு ஹோட்டலுக்குப் பின்னால் தென்னந்தோட்டத்தில். ஆசிரியர் கிளாரா ஒஸ்ட்ரியாவில் இருந்து வந்தவர், இருபத்தாறு வயது. பகலில் கைட் பழக்குவது தொழில். காற்று எழுவதற்கு முந்திய காலை மூன்று மணித்தியாலம் வாளுக்கு. ஆறு நைலோன் வாள்கள், முகமூடிகள், தடித்த கையுறைகள். ஒரு வாளை அளந்து பார்த்தேன்: 130 சென்றிமீட்டர், என் நாடி வரைக்கும் வந்தது. மாணவர்கள் எங்களோடு ஐந்து பேர். மற்ற மூவரும் ஹோட்டலில் வேலை செய்கிற பெண்கள். அவர்களில் சமையலறை ஸ்டெல்லா அக்காதான் சத்தமாகக் கதைப்பவர். கிளாராவுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க யாராவது உண்டா என்று கேட்டார். நான் கேள்வி முடியும் முன்னமே கையை உயர்த்திவிட்டேன்.

முதல் ஒரு மணித்தியாலம் நிற்பதும் வெட்டுவதும். அது சுகம். பிறகு பைண்டிங் வந்தது. என் படங்களில் இருந்த அதே நிலை: இரண்டு வாள்கள் சந்தித்து, விலகாமல் ஒட்டி நிற்பது. அகராதியில் அந்தச் சொல்லுக்குக் கட்டுதல் என்று இருக்கிறது. ஆகவே நான் உரத்துச் சொன்னேன்: “வாள வாளால கட்டுங்க!”

எல்லாரும் கட்டினார்கள். ஸ்டெல்லா அக்கா தன் தோழியின் வாளை அமத்தி மரத்தோடு ஒட்டிவிட்டார். என் முன்னால் நின்ற சாச்சி இரண்டு கையாலும் என் வாளை நிலத்தை நோக்கி நெரித்தார். கிளாரா குழம்பிப் போய், இவ்வளவு பலம் வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

“மெதுவாக் கட்டுங்க,” என்றேன்.

“மெதுவாக் கட்டுறதா?” சாச்சி முகமூடிக்குள்ளால் கேட்டார். “இளக்கிக் கட்டினா ஆடு ஓடிப் போயிரும், மகள். கட்டுற எண்டா இறுக்கித்தான் கட்டணும்.”

அந்த நேரத்தில் என் வலது கையுறை என் கையில் இல்லை. கிளாரா சொல்வதை ஒவ்வொரு தடவையும் கொப்பியில் எழுதுவதற்காகக் கழற்றியிருந்தேன். எழுதி முடித்த அவசரத்தில் வெறுங்கையாலேயே வாளைத் தூக்கிவிட்டேன். சாச்சி இறுக்கிய இறுக்கில் அவருடைய வாள் வழுக்கி, என் வாளின் அலகோடு இறங்கி, சுட்டுவிரலில் விழுந்தது.

ஸ்டெல்லா அக்கா மீன் பெட்டிக்குள் இருந்து ஐஸ் கொண்டுவந்தார். விரலை மடிக்க முடிந்தது, எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று கிளாரா அழுத்திப் பார்த்துச் சொன்னார். ஆனால் அது கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. உம்மா சொன்ன ‘கைய கால’ என்ற வரிசையில் கைதான் முதலாவது. நான் ஒரு தென்னங்குற்றியில் இருந்துகொண்டு, மீன் மணக்கும் ஐஸைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்தேன். அழவில்லை. கொஞ்சம்.

சாச்சிக்குச் சோடியாக இப்போது ஸ்டெல்லா அக்கா வந்தார். வாள்கள் முட்டியதும் அவர் கத்தினார்: “என்னோட கொளுவாதீங்க சொல்லிட்டன்! நான் சமையல்காரி, மீன் வெட்டுற மாதிரி வெட்டிருவன்!”

கொளுவாதீங்க.

வாப்பா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளம் வந்தார், அந்தச் சொல்லும் அவரோடு வந்தது. நானும் தம்பியும் சண்டை பிடித்தால் “கொளுவ வேண்டாம்” என்பார். கதவின் கொளுக்கியைப் போடுவதும் கொளுவுதல்தான். கட்டினால் அவிழ்க்க வேண்டும். கொளுவியதை எந்த நேரமும் எடுத்துவிடலாம், ஆனால் எடுக்கும் வரைக்கும் இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டே இருக்கும். வாயால் கொளுவுகிறவர்களும் அப்படித்தான், மற்றவர் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே நிற்பார்கள். என் படங்களில் இருந்த இரண்டு பேரும் ஏன் நிற்கிறார்கள் என்பது அந்தத் தென்னங்குற்றியில் வைத்து எனக்கு விளங்கியது.

எழும்பிப் போய்க் கிளாராவுக்கு இரண்டு கருத்தையும் சொன்னேன். கதவையும் சண்டையையும் ஒரே சொல்லிலா என்று கேட்டுச் சிரித்து, தன் கையில் பேனையால் எழுதிக்கொண்டார். நான் எல்லாருக்கும் சொன்னேன்: “நான் சொன்னது பிழை. கட்டாதீங்க. கொளுவுங்க.”

உண்மையாகவே மாறியது. வாள்கள் மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டன. இனி வைண்டிங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் படங்களில் இது தெரியாது. வாளின் பிடிக்குக் கிட்டிய பாதிக்குப் பலம் அதிகம், நுனிப் பக்கப் பாதிக்குப் பலம் குறைவு. (“தடிச்ச துணிய கத்திரிக்கோல்ட நுனியால வெட்ட ஏலுமா?” என்று சாச்சி மற்றவர்களுக்கு விளக்கினார். என் மொழிபெயர்ப்பைவிட அது நல்லது.) வாள்கள் கொளுவியதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எதிரில் நிற்பவர் கெட்டியாக அமத்துகிறாரா, இளக்கமாகப் பிடித்திருக்கிறாரா? இளக்கம் என்றால் நேரே போகலாம். கெட்டி என்றால் எதிர்த்துத் தள்ளக் கூடாது. தொடுகையை விடாமல் கையை உயர்த்தி, வாளைத் திருக வேண்டும். அப்போது உங்கள் பலமான பாதி அவருடைய பலவீனமான பாதிக்கு வந்துவிடும். உங்கள் நுனி அவர் முகத்துக்கு நேரே நிற்கும். கேள்வியை ஒரு தடவை கேட்டால் போதாது, ஒவ்வொரு கணமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் கிளாரா. அதையும் எழுதிக்கொண்டேன்.

விரலைத் துணியால் சுற்றி, கையுறை போட்டு, சுட்டுவிரலை நீட்டியபடி நானும் பழகினேன். கண்ணை மூடிக்கொண்டு கெட்டியா இளக்கமா என்று சொல்ல வேண்டும். பத்துத் தடவையில் ஆறு தடவை சரியாகச் சொன்னேன். 10.40க்குத் தென்னோலைகள் ஒரே பக்கம் சாயத் தொடங்கின. கிளாரா வாள்களைப் பைக்குள் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

நீங்களும் போவதாக இருந்தால் சில விஷயம். காலை 5.50 பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததில் போய் வகுப்பைப் பிடிக்க முடியாது. ஓட்டோவில் ஹோட்டல் என்று மட்டும் சொல்லுங்கள், வகுப்பின் பெயரைக் காட்டாதீர்கள். ஸ்கார்ஃபுக்கு மேலால் முகமூடி வசதியாக வரும், ஆனால் ஊசி குத்தாதீர்கள், உள்தொப்பி போட்டு இறுக்கிச் சுற்றினால் போதும். மூடிய சப்பாத்து வேண்டும், மணலில் தென்னங்குரும்பை கிடக்கும். திரும்பி வரும் பஸ் எங்களுக்கு 11.45க்குக் கிடைத்தது, வீட்டுக்கு வர 1.10 ஆனது. கொப்பி கொண்டுபோங்கள். எழுதுவதை வாளைக் கீழே வைத்த பிறகு எழுதுங்கள்.

பஸ்ஸில் சாச்சி எனக்கு ஒரு பொய் தைத்துத் தந்தார். “கதவுல மாட்டுப்பட்ட எண்டு சொல்லு. நானும் கண்ட எண்டு சொல்றன்.” நான் மாட்டேன் என்றேன்.

உம்மா முதலில் பார்த்தது விரலைத்தான்.

“இது என்னா?”

“அடி.”

“யாரு அடிச்ச?”

சாச்சி தன் செருப்பைப் பார்த்தார்.

“சாச்சிட வாள்தான். ஆனா பிழை என்ட. சொல்லப் பிழையாச் சொல்லிக் குடுத்துட்டன். கையுறையும் போடல்ல.”

“சரி. அப்ப முடிஞ்சிது,” என்று உம்மா அடுப்புப் பக்கம் திரும்பினார்.

“காட்டணும் எண்டு சொன்னீங்களே, உம்மா. இன்னும் காட்டல்லையே.”

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “ஓம். சொன்னன்தான்,” என்றார்.

வீடு கூட்டுகிற தும்புத்தடி ஒன்று, ஒட்டடைக் கம்பு ஒன்று. குசினியில் குறுக்கே வைத்தோம். அமத்தச் சொன்னேன். உம்மா முழுப் பலத்தோடு அமத்தினார். நான் எதிர்க்கவில்லை. கையை உயர்த்தித் திருகினேன். அவருடைய தடி என் தோளுக்கு வெளியே வழுக்கிப் போனது, என் கம்பின் நுனி அவர் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சாச்சி “மாஷா அல்லாஹ்!” என்றார். உம்மா தடியை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னொருக்கா.”

மறுபடியும் அமத்தினார், முன்னையைவிடப் பலமாக. கெட்டி, என்று தீர்மானித்து நான் கையை உயர்த்தத் தொடங்கினேன். அந்தக் கணத்தில் உம்மா பலத்தை முழுக்க விட்டுவிட்டார். இல்லாத பலத்தின் மேல் நான் திருகினேன். என் கம்பு சுழன்று போய்ச் சோற்றுப் பானையின் மூடியில் அடித்தது. மூடி பறந்து, உருண்டு, பின்கதவு வரைக்கும் போய்ப் படுத்தது. உம்மாவின் தும்புத்தடி என் தலையில் மெதுவாக வந்து இருந்தது.

சாச்சி சிரித்து முடிக்கும் வரைக்கும் நான் அசையவில்லை. கேள்வியை ஒரு தடவைதான் கேட்டிருந்தேன். ஒவ்வொரு கணமும் என்று என் கையாலேயே எழுதி, கோடும் போட்டிருக்கிறேன். செப்டெம்பர் முழுக்கப் போய்விட்டது என்று நினைத்தேன்.

உம்மா மூடியை எடுத்துக் கழுவினார். என்னிடம் அல்ல, சாச்சியிடம் சொன்னார்:

“பாதிதான் படிச்சிருக்கா. பாதி படிச்சவதான் கைய உடைச்சிக்கொள்ளுவா. விரல் ஆறினதும் கூட்டிக்கொண்டு போ, மிச்சத்தயும் படிக்கட்டும்.”