பேர்சி அண்ணை வாங்கிய பதினெட்டுப் பத்திரிகைகள்

பேர்சி அண்ணையால் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் இருக்க முடியாது. சலவை ஆலையில் இடைவேளை மணி அடித்தால் நாங்கள் எல்லோரும் கோப்பிக் கோப்பையோடு வாங்குப் பலகையில் விழுவோம். அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இயந்திரங்களுக்கு நடுவே நடப்பார். ரயிலில் இடம் கிடந்தாலும் கதவருகேதான் நிற்பார். "இருங்கோவன் அண்ணை, டிக்கெற் எடுத்துத்தானே வாறியள்" என்று பகிடி பண்ணுவேன். சுவிசின் சூரிச் நகரத்து ஓர்லிகோனிலிருந்து வின்டர்தூருக்குப் பதினொரு வருடம் அவரோடு வேலைக்குப் போய் வந்தவன் நான். மனிதருக்கு மூலவருத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கு இருந்தது வேறு வருத்தம் என்பது 1997இல்தான் தெரிந்தது.

அவருடைய ஊர் யாழ்ப்பாணத்துக் குருநகர். இளமையில் மைக்செற்காரர். தேவாலயத் திருநாள், கலியாண வீடு, கார்னிவல் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியும் வயரும் தூக்கிக்கொண்டு போனவர். எண்பத்தைந்தில் சுவிசுக்கு வந்த பிறகு ஹோட்டல்களின் மேசைவிரிப்பைத் தோய்க்கும் இயந்திரங்களுக்குப் பொறுப்பாக இருந்தார். எந்தத் துணிக்கு எத்தனை பாகை சூடு என்று அவரைக் கேட்டுத்தான் மேலாளரான எங்கள் ஷெஃப்பே குமிழைத் திருப்புவார். அவ்வளவு கவனமான கை. ஆனால் எங்கள் சனத்துக்கு அவர் வெறும் 'பெர்னடெற்றின்ர புருசன்'.

பெர்னடெற் அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. நான் அரசியலைச் சொல்லவில்லை, பொப் பாட்டைச் சொல்கிறேன். ஒரு கட்சி யூஜினி கட்சி. கொழும்பு ஹோட்டல்களில் அமெரிக்க சோல் பாட்டுகளைப் பாடிப் பழகிய தொண்டையோடு வந்து தமிழில் பாடியவள். 'சோல் யூஜினி' என்றால் பெடியள் வேலிக்கு மேலால் பாய்ந்து வருவார்கள். மற்றக் கட்சி பெர்னடெற் கட்சி. மெல்லிய குரல், ஆனால் மேலே ஏறத் தொடங்கினால் நிற்காது, ஏறிக்கொண்டே இருக்கும். நான் யூஜினி கட்சி. பெர்னடெற் பாடினால் காதைப் பொத்தும் அளவுக்குக் கட்சி.

எழுபத்தைந்தில் குருநகர்த் திடலில் கார்னிவல். கொழும்பு இசைத்தட்டுக் கம்பனிக்காரர் ஒருவர் வந்து முன்வரிசையில் இருந்தார். இருவரில் ஒருத்திக்குத்தான் அந்த வருடம் தட்டு என்று ஊர் முழுக்கக் கதை. முதலில் யூஜினி பாடினாள், திடல் அதிர்ந்தது. அடுத்தது பெர்னடெற். இருபது வயது, வெள்ளைச் சட்டை. பாட்டு மேலே ஏறிய இடத்தில் குரலைக் காணவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த தடவையும் அப்படித்தான். நாங்கள் கூவென்று கத்தினோம். பதினாறு வயது எனக்கு, தொண்டை கிழியக் கத்தினேன். யூஜினிக்குத் தட்டு கிடைத்தது. பெர்னடெற் அதன் பிறகு எங்கும் பாடவில்லை. மூன்று வருடம் கழித்து மைக்செற்காரப் பேர்சி அவவைக் கட்டினார். பாவம் பார்த்துக் கட்டின நல்ல பெடியன் என்று ஊர் சொன்னது.

இனி 1997. பாரிஸிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்று சனிக்கிழமை காலையில் தவராஜாவின் கடைக்கு வரும். ஓர்லிகோன் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் இருந்த கடை. அரிசி, மீன்ரின், வாடகைக்குப் படக் கசெற், எல்லாம் அங்கேதான். அந்தப் பத்திரிகையில் டொரன்டோவிலிருந்து யூஜினி தன் வாழ்க்கைக் கதையைத் தொடராக எழுதத் தொடங்கினாள். 'ஒளிக்க ஒன்றுமில்லை' என்று பெயர். பெயருக்கு ஏற்ற மாதிரியே எழுதினாள். எந்தக் கிற்றார்காரன் குடித்துவிட்டு மேடையில் விழுந்தான், எந்த மெட்டு எந்தப் பாட்டிலிருந்து சுட்டது, எந்த முதலாளி ஒத்திகை என்ற பெயரில் கையைப் பிடித்தான், ஒன்றும் விடவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய சண்டை அரிசி மூட்டைகளுக்கு நடுவே திரும்பவும் மூண்டது. தவராஜா பெர்னடெற் கட்சி. கல்லாவை விட்டுவிட்டு எங்களோடு வாதாடுவார், ஆட்கள் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நிற்பார்கள்.

பேர்சி அண்ணை ஒவ்வொரு சனியும் வாசலில் நின்றபடியே ஒரே கேள்வியைக் கேட்பார்.

"பத்மநாதன், இப்ப எந்த வருசத்தில நிக்குது?"

"எழுபத்திமூண்டு அண்ணை."

அடுத்த வாரம், "எழுபத்திநாலு அண்ணை. ஏன், அக்காவைப் பற்றி எழுதிப்போடுவா எண்டு பயமோ?"

"ஓம்," என்பார். போய்விடுவார். மனைவிமேல் எவ்வளவு பட்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுபத்தைந்து வரவேண்டிய சனிக்கிழமை. நான் போனபோது பத்திரிகை இல்லை. தவராஜா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்.

"கடை துறக்க முதலே வந்து நிண்டார். கட்டைப் பிரிக்கக்கூட விடேல்லை. பதினெட்டையும் தூக்கிக்கொண்டு போட்டார்."

பேர்சி அண்ணை செய்த மகா முட்டாள்தனம் இதுதான். ஒரு பத்திரிகையைத் தமிழனிடமிருந்து ஒளித்தால், அதை வாசிக்காமல் அவன் சோறு தின்னமாட்டான். வாங்காமல் விட்டிருந்தால் பாதிப்பேர் அந்த அத்தியாயத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பதினொரு மணிக்குள் தவராஜா பேர்ன் நகரத்துத் தமிழ்க் கடைக்கு ரெலிபோன் அடித்தார். பன்னிரண்டு மணிக்குக் கடை ஃபாக்ஸ் இயந்திரம் அந்தப் பக்கத்தைத் துப்பியது. பத்துப் பிரதி எடுத்தோம். இரண்டு மணிக்கு பெர்னடெற் அக்காவின் கையிலும் ஒன்று இருந்தது. யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள், நான் இல்லை.

அதில் இருந்தது நாலு வரிதான். "அன்று பெர்னடெற்றின் குரல் மேடையிலேயே உடைந்தது. பாவம், பயந்துவிட்டாள். குரல் கடவுள் கொடுப்பது. அவர் எல்லோருக்கும் கொடுப்பதில்லை."

அவ்வளவுதான். மைக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை, மைக்செற்காரனைப் பற்றி ஒரு சொல் இல்லை. பேர்சி அண்ணை பதினெட்டுப் பத்திரிகையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயில் கதவருகே நின்றே வாசித்தாராம். பயந்தது நடக்கவில்லை. தப்பிவிட்டார். தப்பிய மனிதர் நிம்மதியாக இருக்கவேண்டுமே! அந்த வாரம் அவர் ஆலையில் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். போட்ட பொத்தானைத் திரும்ப நிறுத்தினார், நிறுத்தியதைத் திரும்பப் போட்டார். வியாழக்கிழமை வெள்ளை மேசைவிரிப்புகளோடு சிவப்புக் கைத்துடைப்பான்களைச் சேர்த்துத் தொண்ணூறு பாகையில் விட்டார். ஒரு ஹோட்டலின் விரிப்பு முழுக்க ரோஸ் நிறம். ஷெஃப் கத்த, இவர் கேட்டுக்கொண்டு நின்றார். அந்த வாரம் முழுக்க அந்த நேரத்தில் மட்டும்தான் அவர் அசையாமல் நின்றதைக் கண்டேன்.

அடுத்த சனி கடையில் சனம். நான் அன்று பெரிய ஆள். என் கட்சி வென்றுவிட்டதல்லவா!

"எழுத்தில வந்திட்டுது தவராஜா, இனி என்ன கதை? நான் நேரில நிண்டு கேட்டனான். குரல் உடைஞ்சது உடைஞ்சதுதான்."

சொல்லி முடித்துத் திரும்பினால் வாசலில் பெர்னடெற் அக்கா. பக்கத்தில் பேர்சி அண்ணை, கையில் வெறும் பை. எல்லோரும் தலையைக் குனிந்து கையிலிருந்த சாமானின் விலையைப் பார்த்தார்கள். எனக்கு நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. அக்கா கோபிக்கவில்லை. பருப்பு அடுக்கியிருந்த பக்கம் போனபடியே சாதாரணமாகச் சொன்னா.

"பத்மநாதன் சொல்லுறது சரிதானே. உடைஞ்சதுதான். அதுக்கு ஏன் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போடுறியள்?"

"உடையேல்லை," என்றார் பேர்சி அண்ணை.

ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தோம். அக்காவும் அப்படித்தான் நினைத்து, "விடுங்கோ இஞ்ச," என்றா.

"உடையேல்லை பெர்னடெற். நான் குறைச்சனான்."

பருப்புப் பைக்கற்றோடு அவ திரும்பினா.

"நீர் மேல போகேக்க போகேக்க நான் குமிழைத் திருகிக் குறைச்சனான். லவுட்ஸ்பீக்கர் எல்லாம் தூர, தென்னைமரத்தில. உமக்குப் பக்கத்தில ட்ரம்ஸ் அடிச்சுக்கொண்டிருந்தது. வெளியில என்ன கேக்குது எண்டு உமக்குத் தெரியாது. சனம் கத்தினதுதான் தெரியும்."

"ஆர் செய்யச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஒருத்தரும் ஒண்டும் தரேல்லை. நான் யூஜினியின்ர ஆள். அவ வெல்லோணும் எண்டு இருந்தது. அவவுக்கு என்னை ஆரெண்டே தெரியாது. அடுத்த நாள் மன்னிப்புக் கேக்கத்தான் உங்கட வீட்டை வந்தனான். நீர் அழுதுகொண்டு இருந்தனீர். சொல்ல வாய் வரேல்லை. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு வந்து வந்து..."

மன்னிப்புக் கேட்கப் போனவன் மாப்பிள்ளையாகிவிட்டான். வேறொரு நாளாயிருந்தால் நான் இதைச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

"எத்தினை தரம் குறைச்சனீங்கள்?" என்று கேட்டா அக்கா.

"ஆறு தரம்."

இருபத்திரண்டு வருடம் கழித்தும் மனிதர் எண்ணிக்கையை மறக்கவில்லை.

"நான் ஜேசனுக்கும் டயனாவுக்கும் தாலாட்டுக்கூடப் பாடேல்லை," என்றா அக்கா. "தொண்டையில ஏதோ பிழை எண்டு நினைச்சன். சூரிச்சில டொக்ரரிட்டையும் காட்டினம். நீங்கள்தானே கூட்டிக்கொண்டு போனீங்கள்? குழாய் விட்டுப் பாக்கேக்க என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டீங்கள்."

அவ பருப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனா. பேர்சி அண்ணைக்கு அவவுக்குப் பின்னால் போகத் துணிவு இல்லை, நிற்கவும் முடியவில்லை. அரிசி மூட்டைகளுக்கும் கசெற் தட்டுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்குத் திடலில் கத்தியவர்களில் நானும் ஒருவன். குமிழைத் திருகியது ஒரு கைதான், கத்தியது ஆயிரம் வாய்.

பிறகு வந்த ஒரு மாதம் அக்கா அவரோடு கதைக்கவில்லை. சமைத்து மூடி வைப்பா, அவர் தின்பார். ஆனால் ரெலிபோனில் எல்லோரோடும் கதைத்தா. அன்று திடலில் நின்றவர்கள் லண்டனில், டொரன்டோவில், ஒஸ்லோவில் எங்கெங்கே இருக்கிறார்களோ தேடித்தேடி எடுத்தா. எனக்கும் ஒருநாள் வந்தது.

"பத்மநாதன், அந்த உச்சத்துக்கு முந்தி ஒரு வரி இருக்குது. அது உமக்குக் கேட்டதோ?"

"கேட்டது அக்கா."

"எப்பிடி இருந்தது?"

நான் அன்று காதைப் பொத்திக்கொண்டு நின்றவன். அதை எப்படிச் சொல்வது? "நல்லா இருந்தது அக்கா," என்றேன். அவ நம்பவில்லை என்று ரெலிபோன் வைத்த விதத்திலேயே தெரிந்தது.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை வேலை முடிந்து பேர்சி அண்ணையின் ட்ரில் மெஷினை இரவல் வாங்க அவரோடு அவர் வீட்டுக்குப் போனேன். மத்தியானம் பன்னிரண்டரை. இரண்டாம் மாடிப் படியில் அவர் சட்டென்று நின்றார். மேலே அவர்களுடைய வீட்டுக்குள்ளிருந்து பாட்டு. எழுபத்தைந்தில் திடலில் பாடிய அதே பாட்டு. வாத்தியம் இல்லை, மைக் இல்லை, வெறும் குரல். அது மெல்ல ஏறி, அந்த இடத்துக்கு வந்து, கீறிப் பிளந்து நின்றது. கொஞ்சம் பொறுத்து முதலிலிருந்து தொடங்கியது. திரும்பவும் அதே இடத்தில் நின்றது.

"இப்ப உடையுது, பத்மநாதன்," என்றார். கண் நிறைந்திருந்தது. "இப்ப உண்மையா உடையுது."

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், மேலே போகவில்லை. கதவு திறந்தால் அவ நிறுத்திவிடுவா என்று பயம்.

அப்போது கீழேயிருந்து எக்லி என்ற சுவிஸ்காரர் ஏறி வந்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ஒருவரும் சத்தம் போடக்கூடாது என்ற சட்டத்தை வேதம்போலக் காப்பவர். அவரைக் கண்டால் பேர்சி அண்ணை தோளை ஒடுக்கி, இரண்டு தடவை வணக்கம் சொல்லி, சுவரோடு ஒட்டிக்கொண்டு போவார்.

"ரேடியோ!" என்றார் எக்லி மேலே காட்டி. "லைஸர்! லைஸர்!" சத்தத்தைக் குறை என்று சொன்னது விளங்காமல் போய்விடுமோ என்று இரண்டு விரலால் காற்றில் ஒரு குமிழைத் திருகிக் குறைத்துக் காட்டினார்.

பேர்சி அண்ணை அந்த விரல்களையே பார்த்தார். பிறகு எக்லிக்கு வழியை மறித்துப் படியின் நடுவே நின்றார்.

"நைன்," என்று மறுத்தார். தனக்குத் தெரிந்த டொச்சில், ஜெர்மன் பாஷையில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "இது ரேடியோ இல்லை. என்ர மனுசி. குறைக்கேலாது."

எக்லி என்னைப் பார்த்தார். நானும் ஒரு படி ஏறிப் பேர்சி அண்ணைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். கடிதம் எழுதி முறையிடுவேன் என்று முணுமுணுத்தபடி அவர் இறங்கிப் போனார். மேலே பாட்டு முதலிலிருந்து மூன்றாம் தடவை தொடங்கியது. பேர்சி அண்ணை படியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.