நியூட்ரலில் கிளம்பாத கார்

எங்க வீட்டுக்காரருக்கு எந்த வேலையும் தெரியாது என்று சொல்ல முடியாது. எல்லா வேலையும் பாதி தெரியும். பெரம்பலூரில் எங்களுக்கு உரக்கடை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பழைய கார் வாங்கினார். ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த ஹேண்ட் கியர் கிழவன் வண்டி மாதிரி இருக்கிறதாம். திருச்சியில் கொடுத்து, தரையிலிருந்து வரும் ஃப்ளோர் கியராக மாற்றினார். அதற்கப்புறம் கியரில் நிற்பது தெரியாமல் சாவியைத் திருப்புவார், கார் துள்ளும். ஒரு நாள் எங்கள் காம்பவுண்டுச் சுவரையே இடித்தது.

"நியூட்ரல்ல இருந்தாத்தான் ஸ்டார்ட் ஆவுற மாதிரி ஒரு சுவிட்ச் வச்சிட்டாப் போச்சு" என்றார். பழைய பிரேக் லைட் சுவிட்ச் ஒன்றைக் கியர் கம்பியை ஒட்டிப் பொருத்தி, ஸ்டார்ட்டருக்குப் போகும் வயரை அதன் வழியாக இழுத்தார். நியூட்ரலுக்கு வந்தால் கம்பி சுவிட்சை அழுத்தும். அவ்வளவுதான் கணக்கு.

மறுநாள் கொழுந்தனுக்குப் பெண் பார்க்க ஜெயங்கொண்டம் கிளம்பினோம். ஹேண்ட் பிரேக் பிடிக்காததால் வீட்டுச் சரிவில் காரை எப்போதும் கியரில்தான் நிறுத்துவார். கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது.

"ஏங்க, கியர்லயே ஸ்டார்ட் ஆயிடுச்சே?"

"ஒனக்கு என்ன தெரியும்? பேசாம உக்காரு."

உட்கார்ந்தேன்.

பெண்ணை எல்லோருக்கும் பிடித்துப்போனது. வழியனுப்பப் பெண் வீட்டார் வாசலுக்கே வந்துவிட்டார்கள். கார் சமதரையில், நியூட்ரலில் நின்றது. சாவியைத் திருப்பினார். மூச்சுப்பேச்சு இல்லை. வேர்த்துவிட்டது மனுஷனுக்கு. சாவியைத் திருப்பிப் பிடித்தபடியே, கிளட்சை மறந்து, கியரைப் பிடித்து ஆட்டினார். கியர் விழுந்ததும் கார் பாய்ந்து, காயப்போட்டிருந்த முந்திரிக்கொட்டை மேல் ஏறி, வைக்கோல் போரில் முட்டி நின்றது.

பெண்ணின் அப்பா கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீங்களும் கார் ஓட்டுவீங்களா?"

"தெரியாதுங்க."

"அப்ப தை மாசமே வச்சுக்கலாம்."

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த எலக்ட்ரீஷியன் சுவிட்சைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். அது அழுத்தினால் கரண்டை நிறுத்துகிற வகை. அதனால்தான் கியரில் மட்டும் கிளம்புகிறது. அழுத்தினால் கரண்ட் விடுகிற சுவிட்சாகப் பார்த்து மாட்டிக்கொடுத்தார். ஊர் வந்து சேரும்வரை எங்க வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அத்தனை வருஷத்தில் எனக்கு அவ்வளவு நிம்மதியான பிரயாணம் வாய்த்ததில்லை.

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்த ஜில்லாவுலயே நியூட்ரல் சுவிட்ச் வச்ச மொத ஆளு நாந்தான்."

நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் போதும் போதும் என்று கையைக் காட்டியும் நிறுத்தவில்லை.