மீன் குழம்புக்கு ஸ்தோத்திரம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் ஒரு வாலிபப் பிரசங்கியார், துன்பமெல்லாம் ஆண்டவர் வைக்கும் பரீட்சை என்றார். ஏர்கான் குளிரில் நின்றுகொண்டு, சிரித்த முகமாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்று சிங்கப்பூர் தேக்காவில் என் பேரில் இரண்டு சாப்பாட்டுக் கடை ஓடுகிறது. பட்டம் வாங்கினவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். பரீட்சையைப் பற்றி எனக்கா பாடம்? எங்கள் பெரியப்பாவும் அன்று இதே சிரிப்போடுதான் வந்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. செம்பவாங் கப்பல் பட்டறையில் அப்பாவுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. ஒருநாள் சாரத்துப் பலகை சரிந்து கீழே விழுந்தார். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சாயங்கால ஜெபத்தில் ஆளுக்கொரு காரியம் சொல்லி ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். கடைக்குட்டியில் தொடங்கி அப்பாவில் முடியும். சொல்லாதவருக்குச் சோறு கிடையாது. அப்பா படுத்த பிறகும் சட்டம் மாறவில்லை. கெடுபிடி கூடியதுதான் மிச்சம். "சத்தமா சொல்லு, காதுல விழல" என்று கட்டிலிலிருந்தே அதட்டுவார். கடைசியில் தானே "ஆமென்" என்று முடித்துவிடுவார்.

பெரியப்பா சபையில் மூப்பர். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, ஆண்டவர் காரணமில்லாம அடிக்கமாட்டாரு. வீட்டுக்குள்ள ஏதோ பாவம் மறைஞ்சு கிடக்கு. அறிக்கை செஞ்சிடு லா, எல்லாம் சரியாப் போயிடும்."

அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வாழைப்பழத்தைத் தூக்கிச் சாக்கடையில் எறிய வேண்டும் போலிருந்தது.

ஜெபம் தொடங்கியது. என் ஐந்து வயதுத் தம்பி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "மீன் குழம்புக்கு ஸ்தோத்திரம்" என்றான். வீட்டில் வெறும் ரசம் இருந்தாலும் அவன் சொல்வது அதுதான்.

அடுத்தது என் முறை.

"நான் சொல்லமாட்டேன்."

"சொல்லிட்டு சாப்பிடுடி" என்றாள் அம்மா.

"எதுக்கு? அப்பா இடுப்பு ஒடஞ்சதுக்கா?"

பெரியப்பா தொடையில் தட்டினார். "பாத்தியா தம்பி? நான் சொன்ன பாவம் இந்த வாய்தான்."

நான் அவர் பக்கமே திரும்பவில்லை. "அப்பா, நீங்க முதல்ல சொல்லுங்க. நீங்க சொன்னா நானும் சொல்றேன்."

அப்பாவின் உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

"சொல்லு தம்பி, பிள்ளை கேக்குதுல்ல" என்று பெரியப்பா குனிந்தார்.

அப்பா முகத்தை என் தம்பி பக்கம் திருப்பினார். "டேய், நீ இன்னொரு தடவ சொல்லு."

"மீன் குழம்புக்கு ஸ்தோத்திரம்."

"இன்னும் சத்தமா."

பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினான் அவன்.

"ஆமென்" என்றார் அப்பா. கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. பிறகு அம்மாவிடம், "அவளுக்கும் சோத்தப் போடு" என்றார்.

பெரியப்பா கை நனைக்காமல் எழுந்து போனார். அவர் மேல் இருக்கும் கோபம் இன்றும் எனக்கு ஆறவில்லை. எத்தனையோ அடி வாங்கி எழுந்தவள் நான். ஆண்டவர் கைவிடமாட்டார் என்று யாரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஆனால் கட்டிலில் கிடப்பவன் தலைமாட்டில் நாற்காலி போட்டுக்கொண்டு சொல்லமாட்டேன்.

அன்று நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். விழுந்த நாளிலிருந்து அப்பா வாயில் ஒரு ஸ்தோத்திரமும் வரவில்லை என்பதும், தன்னால் எட்டிப் பிடிக்க முடியாத ஆண்டவரை எங்கள் சத்தத்தை வைத்துத்தான் அவர் தினமும் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதும் வயிறு நிறைந்த அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளங்கவில்லை.